முள்ளு மாமு குடித்த தண்ணீர்

கள்ளிச் செடியைத் தண்ணீர் ஊற்றியே சாகடித்த மனிதர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து எனக்கு அறிமுகம் செய்து வையுங்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்துவிடலாம். மழையையே மறந்துபோன மண்ணில், மாடு கூட மூக்கை நீட்டாத இடத்தில், யாருடைய தயவும் இல்லாமல் நின்று வாழ்கிற ஜீவன் அது. அதைப் போய், ஒரே ஒரு மே மாத லீவுக்குள், பார்த்துக்கொள்கிறேன் பேர்வழி என்று பார்த்துப் பார்த்து அழுக வைத்தவன் நான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அழுகிக் கொழகொழத்துப் போன அந்தச் செடியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு திருவொற்றியூர் மெயின் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே ஓடியும் இருக்கிறேன். கள்ளியைக் கட்டிப்பிடிக்கக் கூடாது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் கட்டிப்பிடித்தேன். ஏன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், இப்போது நானும் சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த நாற்றத்தைச் சொல்ல வேண்டும். அழுகின முட்டையோடு பட்டாசு மருந்தைக் கலந்து கொதிக்க வைத்து, அந்த ஆவியை ஈரத்துணியில் பிடித்து முகத்தில் போர்த்தினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு நாற்றம், வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், எங்கள் சந்துக்குள் வந்து நிற்கும். முதலில் நாக்கின் மேல் பழைய காசை வைத்ததுபோல ஒரு ருசி. அப்புறம் பக்கத்து வீட்டில் மிளகாய் கருகுவது போலத் தொண்டையில் ஒரு அரிப்பு. அப்புறம் கண்ணில் நீர். எங்கள் சந்து கடலுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் செருகி வைத்ததுபோல இருந்தது. கிழக்கே கல் கொட்டிய கரை, மேற்கே வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள், அதற்கும் மேற்கே வானத்தில் குத்தி நிறுத்தியிருக்கும் புகைபோக்கிகள். அவற்றில் எது எந்தக் கம்பெனியுடையது என்று எங்களுக்குத் தெரியாது. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாது. யாராவது ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு "வுட்டுட்டான்டா!" என்று கத்துவார்; சந்து முழுக்கக் கதவுகள் படபடவென்று சாத்தப்படும்.

விட்டவன் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நானே முடிவு செய்துகொண்டேன். புகைபோக்கி உச்சியில், அழுக்கு லுங்கி கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டியரிங் அளவுக்கு ஒரு குழாய்த் திருகை முன்னால் வைத்துக்கொண்டு, எங்கள் சந்தையே பார்த்தபடி ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். கோபம் வந்தால் திருகைத் திறப்பான். அவனுக்கு நல்ல புத்தி வரட்டும் என்று மாலை ஜெபத்தில் அவன் பேருக்கும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி வந்தேன். அம்மா இதை என் பக்தி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். அது பக்தி இல்லை, கப்பம்.

அவனுக்கு எதிரி ஒருவன் உண்டு, கடற்காற்று. மத்தியானம் தாண்டியதும் கிழக்கிலிருந்து அது ஏறி வந்து நாற்றத்தை ரோட்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய்விடும். "கடக்காத்து ஏறிடுச்சா?" என்பதுதான் எங்கள் சந்தில் மத்தியானத்து நலம் விசாரிப்பு. ஏறிவிட்டால் அம்மா ஜன்னலைத் திறப்பாள். திறந்த கையோடு, "சேவி, இங்க வா. பாப்பாவுக்கு 'விசில்' அடிக்குதா கேளு" என்பாள்.

பாப்பா என்பது என் தங்கை மெர்சி. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருந்தபோது அவள் ஒன்றாம் வகுப்பில் சேரக் காத்திருந்தாள். நாற்றம் வந்துபோன நாட்களில் அவள் நெஞ்சுக்குள் யாரோ சின்னதாக விசில் ஊதுவது கேட்கும். டாக்டர் அதற்கு ஏதோ பேர் சொல்லியிருந்தார். வீட்டில் அதற்கு விசில் என்றுதான் பேர். அம்மா வண்ணாரப்பேட்டைக் கடைக்காகப் பாவாடை தைத்துக்கொண்டிருப்பாள், மிஷின் சத்தத்தில் காது மந்தம், அதனால் விசில் கேட்கும் உத்தியோகம் என்னுடையது. மெர்சியின் முதுகில் காதை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். அந்த உத்தியோகத்தை நான் வெறுத்தேன். விசில் இருக்கிறது என்று நான் சொன்னால் அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அவள் கோபித்துக்கொண்டால் கூடத் தேவலை, அந்த முகத்தைப் பார்க்க முடியாது. மெர்சிக்கு என்னவோ இது வேடிக்கை. "ட்ரெயின் வந்துகினு கீதா?" என்று கேட்டுச் சிரிப்பாள். சிரித்தால் விசில் அதிகமாகும். ஆகவே ஊரையே சிரிக்க வைக்கிற நான், என் தங்கையிடம் மட்டும் சிரிப்புக் காட்டக் கூடாது என்று வீட்டில் சட்டம் இருந்தது.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் நைனா அந்தக் கள்ளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். யார்டு மேனேஜருக்கு மாற்றலாகி அவர் அறையைக் காலி செய்தபோது, வேண்டாத சாமான்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒருவர் சுழல் நாற்காலியை எடுத்தார், ஒருவர் மேசை விசிறியை எடுத்தார். நைனா, மேனேஜர் ஜன்னலோரம் வெள்ளைப் பெயின்ட் டப்பாவில் நின்ற, என் முழங்கை உயரமுள்ள ஒரு கள்ளியை எடுத்தார். பச்சைத் தூண் மாதிரி நேராக நின்றது. உடம்பெல்லாம் மேலிருந்து கீழாக வரிவரியாக மடிப்பு. மடிப்பு தோறும் கொத்துக் கொத்தாக முள்.

அம்மா தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "ஊருல கீறவன் நாற்காலி, ஃபேனுன்னு இஸ்துகினு போறான். நீ முள்ளைத் தூக்கினு வந்துகீறியா? முள்ளுச் செடி வூட்ல வெச்சா சண்டை வரும்யா!"

"பாரு, வாசப்படி கூட தாண்டல, அதுக்குள்ள வந்துடுச்சி" என்றார் நைனா.

அம்மா சிரிக்கவில்லை. நைனாவுக்கு வேறு வழி தேவைப்பட்டது. டப்பாவைக் கீழே வைக்காமல், யோசிக்காமல், வாயில் வந்ததைச் சொன்னார்: "உனுக்கு இன்னாமே தெரியும்? மேனேஜர் இன்னா லூசா, ஜன்னல்ல வெச்சிருக்கறதுக்கு? இது கெட்ட காத்த வாங்கிக்கும். கேஸு, புகை, எல்லாத்தையும் இதுவே வாங்கிக்கும், ஆளுங்கிட்ட வுடாது."

அம்மா செடியைப் பார்த்தாள். பாயில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த மெர்சியைப் பார்த்தாள். எழுந்து, டப்பாவை வாங்கி, மெர்சி படுக்கிற பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். எங்கள் அம்மா ஒரு வாக்குவாதத்தில் தோற்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மெர்சி அதற்கு 'முள்ளு மாமு' என்று பேர் வைத்தாள். சவரம் செய்யாத மாமா ஒருவர் வந்து ஜன்னலில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. முதல் சில நாட்கள் எனக்கும் அதன் மேல் மரியாதை. நாற்றம் வந்த நாளில் நான் மாமுவையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்; அது அசையாமல், முகம் சுளிக்காமல், அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றது. அந்த வாரம் கடற்காற்றும் நேரத்துக்கு ஏறியது. மெர்சியின் முதுகில் காதை வைத்தேன். விசில் இல்லை. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பயம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. எங்களுக்கு அடுத்த வீட்டில் சகாயம் அத்தை இருந்தாள். கணவனும் மகன்களும் கடலுக்குப் போகிறவர்கள். அவள் வீட்டு வாசல் நிலையில் ஆகாசக் கருடன் கிழங்கு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மண்ணில்லாமல் தண்ணீரில்லாமல் அந்தரத்தில் துளிர்க்கிற கிழங்கு அது. வீட்டுக்கு வருகிற கண்ணேறை வாங்கிக்கொள்ளும் என்பார்கள். எங்கள் சந்தில் கோயிலுக்குப் போகிறவர்கள் வீட்டிலும் அது தொங்கும், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் வீட்டிலும் தொங்கும். ஒரு நாள் அந்தக் கிழங்கு சுருங்கிக் கருத்துப் போயிருந்தது. அத்தை அதை அறுத்தெடுத்து எங்களிடம் காட்டினாள். "பாத்தியா சேவி? எல்லாத்தையும் வாங்கிக்கிச்சி. இதுக்கு மேல இதால முடியாது." கடலில் வீசிவிட்டு வந்து கைகால் கழுவினாள். புதுக் கிழங்கு தொங்கியது.

நான் வாசலிலேயே உறைந்து நின்றேன். வாங்கிக்கொண்டது எல்லாம் எங்கே போகும்? உள்ளேதான் இருக்கும். உள்ளே எவ்வளவு இடம்? கிழங்கு வாங்கியது வெறும் கண்ணேறு. ஊர்ப்பட்ட பொறாமை என்றாலும் அதற்கு எடையில்லை. முள்ளு மாமு வாங்குவதோ விஷக்காற்று. அது நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? சுருங்கினால் மெர்சிக்கு யார் இருக்கிறார்கள்? சுருங்காமல் வெடித்தால்? அதன் ஒவ்வொரு முள்ளும் எனக்கு இப்போது ஊசியாகத் தெரிந்தது. உள்ளே விஷம் நிரப்பி, நுனியை எங்கள் பக்கம் திருப்பி வைத்த நூறு ஊசிகள். அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவதை நிறுத்தினேன். சாப்பிடும்போது கூட மாமுவைப் பார்த்தபடிதான் சாப்பிட்டேன். அம்மா கேட்டாள், "இன்னாடா, அதுக்கும் ஒரு வாய் ஊட்டப் போறியா?"

ஊட்டினேன். அதுதான் என் முட்டாள்தனத்தின் உச்சி. எங்கள் வீட்டில் எந்த உபாதைக்கும் முதல் மருந்து தண்ணீர். பலப்பக் குச்சியை முழுங்கிவிட்டாயா, தண்ணி குடி. புகை ஏறிவிட்டதா, தண்ணி குடி. "நெறைய குடி, உள்ள கீறதெல்லாம் எறங்கிடும்" என்பது அம்மாவின் வைத்தியம். சரி, மாமுவுக்கு உள்ளே இருப்பதும் இறங்கட்டும் என்று, அம்மா மிஷினில் குனிந்திருக்கும் நேரம் பார்த்து ஒரு டம்ளர் ஊற்றினேன். மறுநாள் இரண்டு. பெயின்ட் டப்பாவுக்கு அடியில் ஓட்டை கிடையாது என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும், ஓட்டை இல்லாதது நல்லதுதான், விஷம் வெளியே வராது என்று நினைத்திருப்பேன்.

தெம்புக்காக வேறு ஒன்றும் செய்தேன். எங்கள் பக்கத்தில் மீன் கழுவின தண்ணீரை யாரும் சாக்கடையில் கொட்ட மாட்டார்கள். கறிவேப்பிலைக்கோ முருங்கைக்கோ ஊற்றுவார்கள். சகாயம் அத்தை வீட்டுக் கறிவேப்பிலை மாடியை எட்டிப் பார்த்ததற்கு அதுதான் காரணம். அத்தை சங்கரா மீனை ஆய்ந்து முடித்ததும் அந்தத் தண்ணீரில் ஒரு குவளை வாங்கிக்கொண்டு வந்து மாமுவின் காலடியில் விட்டேன். சாயங்காலம் தெருப் பூனை ஒன்று வாசனை பிடித்து ஜன்னலில் ஏறி, மாமுவை முகர்ந்து பார்த்து, மூக்கில் ஒரு முள்ளோடு அலறிக்கொண்டு குதித்து ஓடியது. விஷம் என்று எனக்கு அத்தாட்சி கிடைத்தது.

அப்புறம் மாமு பருக்க ஆரம்பித்தது. மடிப்புகள் விரிந்து, வரிகள் மறைந்து, பளபளவென்று உருண்டு திரண்டது. கள்ளி தண்ணீரைச் சேர்த்து வைக்கிற செடி, ஊற்றினால் உப்பும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் கண்டதெல்லாம், செடி நிரம்பிக்கொண்டு வருகிறது என்பது. நிரம்ப நிரம்ப எனக்குப் பயம். பயப்படப் பயப்பட இன்னும் தண்ணீர். ஊற்ற ஊற்ற இன்னும் உப்பல். என்னைவிடச் சின்சியராக ஒரு முட்டாள் அந்த ஊரில் வேலை பார்த்திருக்க மாட்டான். நாளாக ஆக அதன் அடிப்பாகம் மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, லேசாகச் சாய்ந்தது. ஒரு குச்சியால் குத்திப் பார்த்தேன். வெந்த பூசணிக்காயில் போவதுபோலக் குச்சி உள்ளே போனது. குச்சியைப் போட்டுவிட்டு ஓடி, கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவுக்கு அந்த முகம் வந்துவிடும்.

அன்று மத்தியானம் கடற்காற்று ஏறவில்லை. கொடியில் காய்ந்த துணி ஒன்று கூட அசையவில்லை. பெண்கள் வாசலில் வந்து நின்று கிழக்கே பார்த்தார்கள், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல மினுங்கிக்கொண்டு கிடந்தது. சாயங்காலம், பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிக்கிற நேரம், "வுட்டுட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். அந்தக் குரலில் வழக்கமான எரிச்சல் இல்லை, நடுக்கம் இருந்தது. அதற்குள் நாற்றம் வந்துவிட்டது. எப்போதும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவது, அன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கதவைச் சாத்தினால் உள்ளேயும் அதுதான் இருந்தது.

மெர்சியின் முதுகில் காதை வைக்க வேண்டியிருக்கவில்லை. விசில் அறை முழுக்கக் கேட்டது. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க, கழுத்துக் குழியில் மூச்சுக்கு மூச்சு பள்ளம் விழ, அவள் அம்மாவையே பார்த்தாள். அம்மா தைத்துக்கொண்டிருந்த பாவாடைத் துணியைக் குடத்தில் முக்கி அவள் முகத்தில் போட்டு, வாரித் தோளில் சாத்திக்கொண்டாள். "சேவி, கதவ இஸ்துச் சாத்திட்டு அத்த கூட ரோட்டுக்கு வந்துடு. நான் க்ளினிக்குக்கு ஓடறேன்." ஓடிவிட்டாள். சந்தில் ஈரத்துணி கட்டிய முகங்களாக ஓடிக்கொண்டிருந்தன. சகாயம் அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். வாசல் வரை போனேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். முள்ளு மாமு ஜன்னலில் சாய்ந்து நின்றது.

மெர்சி அங்கே, மாமு இங்கே. அவளுக்கு வருகிறதை யார் வாங்குவது?

அத்தையின் கையை உதறிவிட்டு உள்ளே ஓடி டப்பாவைத் தூக்கினேன். தண்ணீரும் சேறுமாக அது கல் கனம் கனத்தது. சாய்ந்த செடி விழாமல் இருக்க வேண்டுமானால் மார்போடு சேர்த்து அணைக்க வேண்டும். அணைத்தேன். பனியனைத் தாண்டி நூறு ஊசியும் ஒரே நேரத்தில் இறங்கின. "டேய், அத இன்னாத்துக்குடா தூக்கினு வர? கீழ போடுடா, பேமானி!" என்று அத்தை பின்னால் கத்திக்கொண்டே வந்தாள். விஷம் ஏறுகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் செத்துவிடுவேன், அதற்குள் க்ளினிக் வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் என் கணக்கு. நின்றுபோன லாரிகளின் இடையில் புகுந்து ஓடினேன். ஒரு டிரைவர் ஜன்னலிலிருந்து குனிந்து பார்த்து, "இன்னாபா, சாமான் செட்டெல்லாம் விட்டுட்டு செடிய காப்பாத்துற?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அழுதுகொண்டே ஓடினேன்.

க்ளினிக் என்பது மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நீள அறை. அன்று அது இருமலால் நிரம்பியிருந்தது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மெர்சி அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பச்சை மாஸ்க், அதிலிருந்து புகை மாதிரி மருந்து வந்துகொண்டிருந்தது, ஒரு சின்ன மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் பாதி மூடியிருந்தன. நான் டப்பாவை அவள் தலைக்குப் பக்கத்தில், பெஞ்சின் மேல் வைத்தேன்.

நர்ஸக்கா என்னைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "டேய், இன்னாடா கலீஜ் இது? எடுடா அந்தாண்ட!"

"இது வாங்கிக்கும்கா" என்றேன். "எடுத்தா பாப்பா செத்துடும்."

அவள் என்னைத் தள்ளிவிட்டுத் தானே டப்பாவை எடுக்கப் போனாள். அந்த அசைவு போதுமாக இருந்தது. முள்ளு மாமு நடுவில் மடிந்து, தலை தனியே கழன்று, பொத்தென்று தரையில் விழுந்து உருண்டது. அடித்தண்டு பிளந்து, காபித் தண்ணீர் மாதிரி ஒரு திரவம், மீன் நாற்றமும் சாக்கடை நாற்றமுமாக, பெஞ்சிலிருந்து வழிந்து தரையெல்லாம் ஓடியது.

நான் இத்தனை நாள் பயந்தது நடந்துவிட்டது. என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. "விஷம் வந்துடுச்சி! எல்லாரும் ஓடுங்க!"

ஏற்கெனவே பயந்து நடுங்கிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு இந்த ஒரு வார்த்தை போதாதா? அந்த நீள அறை கண்மூடித் திறப்பதற்குள் காலியானது. மூச்சு விட முடியவில்லை என்று வந்தவர்களெல்லாம் கன்டெய்னர் லாரியைத் தாண்டி ஓடினார்கள். அதில் ஒரு பெரியவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், அவர்தான் முதலில் ஓடினார். டாக்டரும் நர்ஸக்காவும் கூட வெளியே இருந்தார்கள். உள்ளே மிச்சம் நாங்கள் மூன்று பேர். மெர்சியின் மாஸ்க் மிஷினோடு பிணைந்திருந்தது. அவளை விட்டு அம்மா எழவில்லை. அம்மா எழாததால் நானும் ஓடவில்லை. அந்தப் பழுப்புத் தண்ணீர் என் கால் விரலைத் தொட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மெர்சியின் முதுகில் காதை வைத்துக்கொண்டேன். செத்தால் இப்படியே சாகலாம் என்று இருந்தது.

சாகவில்லை. விசில் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒவ்வொரு மூச்சாகச் சன்னமாகிக்கொண்டு வந்தது.

எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்த பிறகு, யார்டிலிருந்து நைனாவும் ஓடி வந்தார். நர்ஸக்கா என்னை மேசை மேல் குந்த வைத்து, பனியனைக் கத்தரித்து, இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்க ஆரம்பித்தாள். நைனா முள்ளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வெடித்து அழுதேன். நான்தான் தண்ணீர் ஊற்றினேன், விஷம் இறங்கட்டும் என்று தினமும் ஊற்றினேன், நான்தான் மாமுவைக் கொன்றேன், அதனால்தான் பாப்பாவுக்கு இப்படி ஆனது என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். "நான் சொம்மா சொன்னேன்டா. உங்கம்மா வாய மூடறதுக்கு வாய்க்கு வந்தத அடிச்சி வுட்டேன். அந்த மேனேஜர் அத எதுக்கு வெச்சிருந்தான்னு யாருக்குத் தெரியும்?"

அம்மா அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள் என்று எழுத ஆசைதான். அவள் அப்படிப் பார்க்கவில்லை. மெர்சியின் தலையைத் தடவிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நானும் ஊத்தினேன்யா. டெய்லி காலைல ஜெபம் சொல்லிட்டு ஒரு சொம்பு ஊத்துவேன். மாதா தீர்த்தம் கூட கலந்து ஊத்தினேன்."

மிஷின் கடகடத்தது. பிறகு நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வேலைக்குக் கொண்டு போற பாட்டில்ல மிச்சம் கீற தண்ணிய… நானும் வந்து அதுலதான் ஊத்துவேன்."

"யோவ், நீ சொம்மா சொன்னேன்னியே?"

"சொம்மாதான் சொன்னேன்" என்றார் நைனா. "ஒரு வேள நெசமா இருந்துட்டா?"

நர்ஸக்கா இடுக்கியை நிறுத்தி எங்கள் குடும்பத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். "ஏன்யா, ஒரு செடிய இத்தினி பேரு சேந்து கொன்னுகீறீங்க, அது எப்டியா தாங்கும்?" மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மெர்சி சிரித்தாள். அம்மா பதறிப்போய் அவள் நெஞ்சில் கையை வைத்தாள். விசில் அதிகமாகவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ சாயங்காலங்களில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் அவளிடம் சிரிப்புக் காட்டக் கூடாது என்கிற சட்டம் அன்றோடு ரத்தானது.

மாமுவின் அழுகிய உடம்பை டப்பாவோடு கடற்கரைக் கற்களுக்கிடையில் கொட்டிவிட்டு வந்தார் நைனா. தலையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. மழைக்காலம் வந்து, மெர்சியைத் திரும்பக் க்ளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால், ஜன்னல் திட்டில், அது கிடந்தது. கூட்டிப் பெருக்குகிறவர் முள் குத்தும் என்று எட்ட ஒதுக்கி வைத்திருக்கிறார். பழைய பந்து மாதிரி சுருங்கிப்போய், தூசி மூடி, தலைகுப்புறக் கிடந்த அதன் அறுபட்ட இடத்திலிருந்து வெள்ளையாக நாலைந்து வேர்கள் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. நான் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். நர்ஸக்கா அதைக் காகிதத்தில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தாள். "இங்க யாரும் அதுக்கு எதுவும் செய்யல. அதான் பொழச்சிகினு கீது."

அந்தச் சந்து இப்போது இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது பாதி போனது, மீதியைக் கடல் பார்த்துக்கொண்டது. சகாயம் அத்தையின் கறிவேப்பிலை நின்ற இடத்தில் இன்று லாரிகள் நிற்கின்றன. க்ளினிக் இருந்த இடத்தில் செல்போன் கடை. அன்றைக்கு நான் கத்திய கத்தலை அங்கே இன்று கத்தினால் ஒருவரும் காதிலிருந்து போனை எடுக்க மாட்டார்கள். நைனா யார்டிலிருந்து ஓய்வு பெற்று வாயில் வந்ததைச் சொல்லும் வேலையை மட்டும் முழுநேரமாகச் செய்துகொண்டிருக்கிறார். இத்தனையும் போயிருக்கிறதே, அந்த நாற்றமும் போயிருக்க வேண்டாமா? போகவில்லை. அடிக்கடி வருவதில்லை, அவ்வளவுதான். வந்தால் அதே பழைய காசு நாக்கில் வந்து உட்காருகிறது.

முள்ளு மாமுவும் போகவில்லை. வள்ளூரில், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிகிற என் வீட்டு ஜன்னலில், அடியில் ஓட்டை போட்ட தொட்டியில் நிற்கிறது. அதற்குத் தண்ணீர் விடும் அதிகாரம் என் மனைவிக்கு மட்டும்தான். நான் கையில் டம்ளரோடு அந்தப் பக்கம் நடந்தாலே அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். மெர்சி வண்ணாரப்பேட்டையில் நைட்டிக் கடை வைத்திருக்கிறாள். கைப்பையில் இன்ஹேலர் இருக்கிறது. ஆனாலும் பேரம் பேச ஆரம்பித்தால் மூச்சு விடாமல் பேசுகிறாள், அவளிடம் பேசித் தப்பித்தவர்கள்தான் வெளியே வந்து மூச்சு வாங்குகிறார்கள்.

போன வாரம் ஒரு சாயங்காலம், ஜன்னல் துணி அசையாமல் தொங்கியது. ஏதோ நாக்கில் தட்டியது. வயது நாற்பதை நெருங்குகிறது, வீட்டில் எனக்கு இரண்டு பிள்ளைகள், ஆனால் கை தானாக ஒரு டம்ளரைத் தேடியதை மறைக்க விரும்பவில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். கடையில் கூட்டம் போலிருக்கிறது, பின்னால் ஒரே இரைச்சல். இங்கே வாடை வருகிற மாதிரி இருக்கிறது, அங்கே வந்துவிட்டதா, இன்ஹேலர் பையில் இருக்கிறதா, கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடேன், விசில் ஏதாவது அடிக்கிறதா என்று நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் அவள் கேட்டு முடித்தாள். பிறகு மெர்சி சொன்னாள்:

"நீ மாமுக்கு தண்ணி ஊத்தாம இரு, நான் நல்லா கீறேன்."